பந்துக்காரன் விளக்கு

பிப்ரவரி 2, ஞாயிறு

எழுதி வைத்துவிடுகிறேன். நான் மறந்துபோனால் இதையெல்லாம் யார் சொல்வார்கள்?

பெரிய பேத்தி எக்ஸ்ரே படிப்பில் முதல் வகுப்பு. முப்பது கிலோமீட்டர் தள்ளிப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. போன மாதம் சொந்தமாகக் கார் வாங்கிவிட்டாள். பழைய வண்டிதான், ஆனால் கதவைச் சாத்தினால் கனமாக ஒரு சத்தம் வரும், கேட்க நன்றாக இருக்கும். சின்னப் பேத்தி நானூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவது. முதலில் வந்தவளுக்குக் கால் நீளம். அது பிறவியில் வந்தது, சாமர்த்தியம் இல்லை.

நடுவில் என் பேரன். சின்ன வயதில் டார்ச் லைட் பல்பைக் கழற்றி வாயில் அடக்கிக்கொண்டு நாள் முழுக்கத் திரிந்தான். அதனால் இன்றுவரைக்கும் வீட்டில் அவன் பெயர் பல்பு. படிப்பு ஏறவில்லை என்று சிரித்தவர்கள் இப்போது வண்டியைத் தள்ளிக்கொண்டு அவனிடம்தான் வருகிறார்கள். கார் ஒயரிங்கில் கெட்டிக்காரன். கூடத்துச் சுவரில் அதற்குச் சாட்சி மாட்டியிருக்கிறேன்: வாத்தியார் ஒருவர் தன் வெள்ளைக் கார் முன்னால் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு நிற்கிற படம். போன வருடம் பேரன் தனியாக முடித்துக் கொடுத்த முதல் வண்டி அது. மாற்றலாகி வேறு ஊர் போன பிறகும் ஞாபகமாகத் தபாலில் அனுப்பியிருந்தார். பின்பக்கம் நன்றி எழுதி, விலாசமும் எழுதியிருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் இரண்டு பக்கத்தையும் காட்டுவேன்.

இந்த டைரியும் பேரன் வேலை செய்யும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்ததுதான்.

பிப்ரவரி 3, திங்கள்

ஹாரன் இரண்டு. மாலை 6.10.

(இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், எங்கள் வீட்டில் யார் வண்டியில் வந்தாலும் சந்து முனையில் இடது பக்கம் திரும்பும்போது இரண்டு ஹாரன் அடிக்க வேண்டும். என் மகன் ஸ்கூட்டர் வாங்கிய காலத்து வழக்கம். சத்தம் கேட்டதும் நான் போய் கேட்டைத் திறப்பேன். எனக்கு இந்த வீட்டில் இருக்கிற உத்தியோகம் அதுதான். உத்தியோகம் என்றால் கணக்கு வேண்டாமா?)

பிப்ரவரி 5, புதன்

ஹாரன் இரண்டு. 6.25.

பெரியவள் இறங்கியதும் தம்பியைக் கூப்பிட்டாள். வண்டியில் சிவப்பு விளக்கு ஒன்று எரிகிறதாம். நானும் போய்ப் பார்த்தேன். ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான், நெஞ்சுக்கு முன்னால் பெரிய பந்து.

"யாருடி இந்தப் பந்துக்காரன்?"

"ஏர்பேக் பாட்டி. ஸ்டீயரிங்குக்குள்ள ஒரு பை மடிச்சு வெச்சிருக்கும். வண்டி எங்கயாவது மோதினா கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள அது உப்பி மூஞ்சியத் தாங்கிக்கும்."

"அது இருக்கிறதைச் சொல்லத்தான் விளக்கா?"

"இல்ல. எரிஞ்சிட்டே இருந்தா பை வராதுன்னு அர்த்தம்."

பேரன் குனிந்து பார்த்துவிட்டு, "ஒயர்ல எங்கயோ விட்டு விட்டு வருது. பாத்துக்கலாம்" என்றான். அவன் பார்த்துக்கொள்வான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

எதிர்வீட்டுக்காரி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டே காரை எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, வீட்டுலயே மெக்கானிக் இருக்கான், சிவப்பு விளக்கு மட்டும் அப்படியே எரியுது?"

அவள் வாய்க்கு ஒரு பூட்டு செய்ய ஆள் இல்லை. "அடுத்த ஞாயிறு வந்து பாரு, விளக்கு இருக்காது" என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

நாலு நாளாக வேலை முடிந்து வந்ததும் காருக்கு அடியில் பாதி, மேலே பாதியாகப் பேரன் கிடக்கிறான். சீட்டுக்கு அடியில் இருக்கிற மஞ்சள் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டான். கரண்ட் பார்க்கிற மீட்டர் வைத்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்தான்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு பாட்டி. ஆனா விளக்கு அணைய மாட்டேங்குது. வண்டி நிக்கும்போது சரியா காட்டுது, ஓட்டினா வந்துடுது."

பெரியவள் சொன்னாள், "உங்க முதலாளியம்மாகிட்ட ஒரு தடவ காட்டிடேன்டா."

அவன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எதுக்கு? இவன் என்ன கத்துக்குட்டியா? வீட்டு வண்டியவே ஒன்னும் பண்ண முடியலன்னு அங்க போய் நிக்கணுமா?" பிறகு அவனிடம், "எப்படியாவது அந்த விளக்க அணைச்சிடுடா. ஞாயித்துக்கிழமை அத்தை வீட்டுக்கு அந்த வண்டிலதான் போறோம்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

பிப்ரவரி 15, சனி

அணைந்துவிட்டது! ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பிள்ளைகளின் அத்தை, அதாவது என் மகள் வீட்டுக்குப் போனோம். நான் முன் சீட்டு. சாவியைத் திருப்பியதும் பச்சை, மஞ்சள் என்று எல்லா விளக்கும் ஒரு தடவை முழித்துப் பார்த்துவிட்டுப் போயின. பந்துக்காரன் மட்டும் தலையைக் காட்டவே இல்லை. அத்தனை சுத்தமான வேலை. கிளம்பும்போது எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அதான் சொன்னேனே" என்றாள், அவள்தான் சொன்னதுபோல.

பேரன் எங்களோடு வரவில்லை. தலைவலி என்றான்.

பிப்ரவரி 19, புதன்

தம்பிக்கு அக்காள் மேல் என்ன பாசம்! காலையில் அவள் கிளம்பும்போது கேட் வரைக்கும் போய், "பெல்ட் போட்டியா?" என்று கேட்கிறான். மூன்று நாளாக இப்படித்தான். முன்னெல்லாம் அவள் வெளிநாடு போனாலும் தூங்குகிற பையன் இவன். "மெதுவா போ. பின்னாடி ஒட்டிப் போகாதே" என்கிறான்.

"என்னடா, கிழவன் மாதிரி பேசற?" என்று அவள் சிரிக்கிறாள்.

ஹாரன் இரண்டு. 6.15.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஹாரன் ஒன்றுதான். 6.30. களைப்பாக இருக்கும்.

பிப்ரவரி 28, வெள்ளி

ஹாரனே இல்லை. கேட்டுக்கு வெளியே வண்டி நிற்பது தெரியாமல் நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். அவளே இறங்கித் திறந்துகொண்டு வந்தாள். எனக்குச் சுருக்கென்றது.

"சம்பளம் வந்ததும் வழக்கம் மறந்துபோச்சா?"

"அடிச்சேனே பாட்டி!"

"எனக்குக் காது இன்னும் போகல."

"நெஜமா அடிச்சேன். இதோ பாருங்க." வாசலில் நின்றபடி அமுக்கினாள். தெருவே அதிர ஹாரன் அடித்தது. எனக்கு முகம் செத்துப்போயிற்று. காது போய்விட்டதா எனக்கு?

மார்ச் 4, செவ்வாய்

ஹாரன் இல்லை. அவள் அடித்தேன் என்றாள். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன்.

மார்ச் 5, புதன்

இல்லை. இன்று ஜன்னலோரமே உட்கார்ந்திருந்தேன். சந்து முனையில் வண்டி திரும்புவதைப் பார்த்தேன். அவள் கை ஸ்டீயரிங் நடுவில் அமுங்குவதையும் பார்த்தேன். சத்தம் வரவில்லை. நேராக வந்து நின்ற பிறகு அமுக்கினாள், வந்தது.

காது நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் என்ன?

மார்ச் 7, வெள்ளி

பேரனிடம் சொன்னேன், திரும்பும்போது மட்டும் ஹாரன் ஊமையாகிறது என்று. அவன் முகத்தில் ஈயாடவில்லை. கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து அக்காளிடம் போய், "ஒரு வாரம் பஸ்ல போயேன். நான் வண்டியப் பாக்கணும்" என்றான்.

"விளக்கப் பாத்து முடிச்சிட்ட, இப்ப ஹாரனா? ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குப் போக எந்த பஸ் இருக்கு? லீவு அன்னிக்குப் பாரு."

"பஸ்ல போறதுக்கா கார் வாங்கினா?" என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஏன் சிரித்தேன்?

மார்ச் 11, செவ்வாய்

எழுத்து கோணலாக வருகிறது.

ஏழு, ஏழரை, எட்டு. வரவில்லை. எட்டேகாலுக்கு வண்டி வந்தது, ஹாரன் இல்லாமல். இறங்கியவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். தோளிலிருந்து மார்பு வரைக்கும் பெல்ட் அழுத்தி வரிவரியாகச் சிவந்திருந்தது. வளைவில் லாரி ஒன்று இவள் பக்கம் ஏறி வந்ததாம். ஹாரனை அமுக்கியிருக்கிறாள், அமுக்கியிருக்கிறாள், சத்தமே வரவில்லை. பிரேக்கில் ஏறி நின்றுவிட்டாள். லாரிக்கும் வண்டிக்கும் ஒரு முழம்.

"ஒரு முழம் பாட்டி" என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருந்தாள். மடக்கவே இல்லை.

பேரன் போய்க் கார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டான். அவள்தானே பயந்தாள், இவனுக்கு என்ன?

மார்ச் 12, புதன்

இன்று காரை எடுக்க வேண்டாம் என்று பெரியவளிடம் சொல்லிவிட்டு, இந்த டைரியை மடியில் வைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பேரன் சாமான் வாங்க வெளியே போயிருந்தான். அவன் இல்லாததும் நல்லதுதான்.

முதலாளியம்மா ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். கணவன் போன பிறகு ஷெட்டைத் தனியாக நடத்துகிறவள். கையெல்லாம் கிரீஸ், பேச்சில் மசகு கிடையாது.

"வாங்கம்மா. பேரனப் பத்திப் பெருமை பேச வந்தீங்களா?"

"இல்ல" என்று டைரியைப் பிரித்து ஹாரன் கணக்கைக் காட்டினேன். இரண்டு, இரண்டு, ஒன்று, இல்லை, இல்லை. அவள் விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"எந்தப் பக்கம் திரும்பறப்போ?"

"இடது பக்கம். எங்க சந்துக்கு எப்பவும் இடதுதான்."

"அப்போ ஸ்டீயரிங்குக்கு உள்ள இருக்கற சுருள் நாடா கிழிஞ்சிருக்கு. ஸ்டீயரிங் சுத்தும்போது ஒயர் முறுக்கிக்காம இருக்க, கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருட்டி வெச்சிருப்பான். சுத்தினா கிழிசல் விரியும், நேரா வெச்சா ஒட்டிக்கும். ஹாரனும் அது வழியாத்தான் போகுது." டைரியை என்னிடம் திருப்பி நீட்டி, "டிரைவர் பக்கத்து ஏர்பேக்கும் அது வழியாத்தான் போகுது. அந்த விளக்கு எரியுமே?" என்றாள்.

"அதான் என் பேரன் அணைச்சிட்டானே! போன மாசமே."

"அணைச்சிட்டானா? நாடாவ மாத்தாமயா?" டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "சாவி திருப்பும்போது அந்த விளக்கு வருதா?"

"வரவே வராது. அவ்வளவு சுத்தமா பண்ணியிருக்கான்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, நல்ல வண்டில சாவி திருப்பினா அது வந்துட்டுத்தான் போகணும். வந்து, அஞ்சாறு எண்ணுறதுக்குள்ள போகணும். வரவே இல்லன்னா வியாதி போகல. வாயக் கட்டியிருக்காங்க."

திரும்பி எப்படி வீடு வந்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 13, வியாழன்

முதலாளியம்மாவே வந்து காரை ஷெட்டுக்கு ஓட்டிப் போனாள். நானும் பெரியவளும் பின்னால் உட்கார்ந்து போனோம். ஷெட்டில் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கை இடது பக்கம் அங்குலம் அங்குலமாகத் திருப்பினாள். அலறிக்கொண்டே வந்த ஹாரன் ஒரு இடத்தில் கழுத்தை நெரித்ததுபோல நின்றது. அங்கேயே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, வண்டியோடு பேசுகிற பெட்டி ஒன்றைச் சொருகினாள். டிரைவர் ஏர்பேக் தொடர்பே இல்லை என்று அது சொன்னது.

"நேரா வெச்சு மீட்டர் புடிச்சியா?" என்று பேரனைக் கேட்டாள்.

"ஆமா."

"திருப்பி வெச்சுப் புடிச்சிருந்தா முதல் நாளே கெடைச்சிருக்கும்டா."

பிறகு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விளக்கெல்லாம் எரிகிற மீட்டர் பெட்டியைக் கழற்றினாள். பந்துக்காரன் இருக்கும் இடத்துக்குப் பின்னால் கறுப்பு டேப், சுண்டு விரல் நகம் அளவுக்கு. உரித்து என் உள்ளங்கையில் வைத்தாள். அத்தனை சின்னது.

பெரியவள் தம்பியைப் பார்த்தாள். "ஒரு மாசம்டா. ஒரு மாசம் என்னை அதுல அனுப்பி வெச்சிட்டு, கேட்ல நின்னு பெல்ட் போட்டியான்னு கேட்ட." அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள்.

'நீங்கதானே எப்படியாவது அணைன்னு சொன்னீங்க' என்று அவன் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். சொல்லவே இல்லை. கோளாறைச் சரிசெய் என்றா சொன்னேன்? விளக்கை அணை என்றுதானே சொன்னேன். முதலாளியம்மாவிடம் போகவும் விடவில்லை.

முதலாளியம்மா கேட்டாள்: "இந்த வேலைய எங்க கத்துக்கிட்ட? இது ஒன்னுதானா?"

அவன் கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். ஷெட்டில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"இன்னொன்னு இருக்கு. போன வருஷம். நீங்க ஊர்ல இல்லாத அன்னிக்கு. அவங்க விடிஞ்சா மாத்தலாகிப் போறாங்க, அவசரம். போற எடத்துல பாத்துக்குவாங்கன்னு... ஆனா அத அவங்ககிட்ட சொல்லல. வாத்தியாரோட வெள்ளை வண்டி."

கூடத்துச் சுவரில் இருக்கிற வண்டி. அந்த நாலு பேரையும் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேனே, ஐயோ, எத்தனை பேருக்குக் காட்டியிருப்பேன்!

மார்ச் 14, வெள்ளி

வாத்தியார் கொடுத்திருந்த போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. பழைய பள்ளிக்கூடத்திலும் புது நம்பர் இல்லையாம். படத்தின் பின்னால் இருக்கிற விலாசம்தான் மிச்சம். பேரன் கடிதம் எழுதிப் போட்டான். என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

புது நாடா வந்தது. முதலாளியம்மா பேரனை வைத்தே போடச் சொன்னாள். பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பதினைந்து நிமிஷம் யாரும் தொடக்கூடாதாம். கழற்றின பிறகும் பைக்குள் கொஞ்ச நேரம் உயிர் இருக்குமாம். அந்தப் பதினைந்து நிமிஷமும் அவன் சுவரைப் பார்த்து நின்றான். பிறகு ஸ்டீயரிங் நடுவில் இருந்த பையைக் கழற்றி, முகம் மேலே பார்க்கிற மாதிரி பெஞ்சில் வைத்தான், பச்சைக் குழந்தையை வைப்பதுபோல. நாடாவைச் சரியாக நடுவில் நிறுத்திப் போட்டான்.

சாவியைத் திருப்பியதும் பந்துக்காரன் வந்தான். நான் வாய்விட்டு எண்ணினேன். ஆறாவதில் போனான். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தார்கள். திரும்ப வரவில்லை.

ஹாரன் இரண்டு. 6.20. கேட்டைத் திறந்தேன். பெரியவள் என்னோடு பேசினாள். தம்பியோடு பேசவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

வாத்தியாரிடமிருந்து பதில். நல்ல கையெழுத்து.

'தம்பிக்கு, உன் அக்கறைக்கு மகிழ்ச்சி. ஒருமுறை செக் செய்துகொள்ளச் சொல்லி எழுதியிருந்தாய். தேவையே இல்லை. நீ சரிசெய்த நாளிலிருந்து அந்த விளக்கு ஒருநாளும் எரிந்ததில்லை. உன் கை ராசியான கை. பள்ளி விடுமுறை விட்டதும் பிள்ளைகளோடு அதே வண்டியில் மலைப்பக்கம் போகிறோம். பாட்டியைக் கேட்டதாகச் சொல்லவும்.'

"செக் பண்ணிக்குங்கன்னு மட்டும்தான் எழுதினியா?" என்று கேட்டேன்.

"எப்படி எழுதறதுன்னு தெரியல பாட்டி."

எனக்குத் தெரியும் அந்தச் சந்தோஷம். பிப்ரவரி பதினைந்தில் நான் எழுதிய சந்தோஷம்தான் இது, வேறு கையெழுத்தில்.

ஏப்ரல் 4, வெள்ளி

பேரன் கிளம்பிவிட்டான், சாமான் பையோடு. ரயிலில் இரண்டு ராத்திரி, ஒரு பகல். இந்தத் தடவை கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். ஐந்தாவது படித்தவள் கடிதம்தான், பிழை இருக்கும். ஆனால் இருக்கிறது இருக்கிறபடி இருக்கும்.

ஸ்டேஷனுக்குப் பெரியவள்தான் கொண்டுபோய் விட்டாள். நானும் போனேன். வண்டியில் ஏறியதும் அவனைத் திரும்பிப் பார்த்து, "பெல்ட் போடு" என்றாள். மூன்று வாரத்தில் அவனிடம் பேசிய முதல் பேச்சு.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் போன் வந்தது. பின்னால் நாய் குரைக்கிற சத்தம்.

"வீடு பூட்டியிருக்கு பாட்டி. பக்கத்து வீட்ல கேட்டேன். நேத்து விடியக்காலம் கெளம்பிட்டாங்களாம். வர பத்து நாள் ஆகுமாம்."

"வண்டியிலயா?"

"வண்டியிலதான்" என்றான்.

"அவங்க நம்பர் கேட்டியா?"

"வாங்கிட்டேன். அடிச்சிட்டே இருக்கேன். மலைல சிக்னல் இல்லபோல."

"அங்கயே இரு."

"இருக்கேன். அவங்க வாசல்லயேதான் இருக்கேன்."

கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டானாம். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

'வாத்தியார் ஐயாவுக்கு. என் பேரன் உங்கள் வண்டியைச் சரிசெய்யவில்லை. விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறான். மோதினால் பை வராது. இது தெரியாமல் நான் ஒரு வருடமாக உங்கள் படத்தைக் காட்டிப் பெருமை பேசினேன். தெரிந்தும் என் பேத்தியை இவன் ஒரு மாதம் அப்படியே அனுப்பினான், என் பேச்சைக் கேட்டு. இதை வாசித்த பிறகு வண்டியை எடுக்காதீர்கள். கூலி இல்லாமல் அவன் சரிசெய்து தருவான். அவனைத் திட்டுங்கள், அடித்தாலும் நான் கேட்க மாட்டேன்.

உங்கள் பழைய படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். ஆணி மட்டும் இருக்கிறது. அந்தப் படத்தில் நீங்கள் நாலு பேர் நிற்கிறீர்கள். மலைப்பக்கம் போய்த் திரும்பியதும் அதே மாதிரி, நாலு பேரும் நின்று புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பவும்.'